மாலை ரயில், கடைசி பஸ், கடமலைக்குண்டு

மலைக் கிராமத்துக்கு மாலையில் ரயில் ஏறலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதல் வேலையாக ரயில் நேரத்தைத் தேடுவார்கள். அதை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெரிய வேண்டியது, அந்த ஊருக்குள் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது. தண்டவாளம் அடிவாரத்துக்கு வெகு முன்னாலேயே திரும்பிவிடும். மிச்சமிருக்கும் இருபது, முப்பது கிலோமீட்டரில்தான் பயணம் நல்லபடி முடிவதும் கெட்டுப்போவதும் இருக்கிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் நாம் போடும் கணக்கு முழுக்கப் பின்னாலிருந்து முன்னால் வரும் கணக்கு: ஊர், கடைசி பஸ், இறங்க வேண்டிய நிலையம், அதற்கப்புறம் ரயில்.

இந்தக் கணக்கை வேறொருவர் நமக்காகப் போட்டுவைத்திருக்கும் நாடும் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஜூரிச்சில் மாலை ஆறு மணிக்கு மேல் வேலை முடித்த ஒருவர், வெங்கன் என்ற மலைக் கிராமத்துக்கு அன்றிரவே போக நினைக்கிறார். வெங்கன் 1,274 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து கார் போகச் சாலை கிடையாது. 1893-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில்தான் வழி. அவர் பெர்ன், இன்டர்லாக்கன், லாட்டர்புருன்னன் என மூன்று இடங்களில் வண்டி மாற வேண்டும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அவர் செய்வதெல்லாம் கைபேசியில் புறப்படும் ஊரையும் போய்ச் சேரும் ஊரையும் தட்டுவது மட்டும்தான். ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஊரில் இருப்பார்.

அங்கே வேகம் பெரிய ரகசியமில்லை. 1982-லிருந்து நாடு முழுவதும் வண்டிகள் ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடத்தில் புறப்படும்படி அட்டவணை போட்டார்கள். பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை வண்டிகளும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் வந்து சேரும். பயணிகள் நடைமேடை மாறுவார்கள். மணி அடித்துச் சற்று நேரத்தில் எல்லாம் கிளம்பிவிடும். இது பெர்னில் சரியாக நடக்க வேண்டுமானால், ஜூரிச்சிலிருந்து பெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். அதற்காகவே புதுப் பாதை போட்டு, 2004 டிசம்பரில் அந்தப் பயணத்தை 56 நிமிடங்களுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் அட்டவணையை எழுதி, அதற்கேற்பத் தண்டவாளம் போட்ட நாடு அது. ரயில் போகாத மலையூர்களுக்கு மஞ்சள் நிறத் தபால் பஸ் நிலைய வாசலில் நிற்கும். ரயில் இரண்டு நிமிடம் தாமதமென்றால் பெரும்பாலும் அதுவும் காத்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் சேரும். அதை நம்பித்தான் காலை 7.10 மணிக்கு ஊட்டி மலை ரயில் புறப்படுகிறது. அந்த ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை என்பது ஒரு பொருத்தம். கடமலைக்குண்டு இருக்கும் தேனிப் பக்கம் அந்த வசதி இல்லை. ரயில்வேக்குத் தன் அட்டவணை, அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தன் அட்டவணை. இரண்டையும் முடிச்சுப் போடுவது உங்கள் வேலை.

பாதையும் ஊரும்

கடமலைக்குண்டு தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் இருக்கிறது. பத்திரிகைகள் 'கடமலை-மயிலை ஒன்றியம்' என்று எழுதுமே, அந்த ஒன்றியத்தின் கடமலை இதுதான். மயிலை என்பது மயிலாடும்பாறை. சென்னை வாசகர்கள் மயிலாப்பூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் மலை உச்சியில் இல்லை. வருசநாட்டு மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், மூல வைகையை ஒட்டி இருக்கிறது. தென்னை, மா, இலவம் பஞ்சு என்று விளையும் பூமி. இங்கிருந்து தெற்கே மயிலாடும்பாறை, வருசநாடு என்று சாலை ஏற ஏற மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும். உறவினர் வீடோ விசேஷமோ கடமலைக்குண்டிலேயே இருந்தால் உங்கள் கணக்கு சுலபம். கோம்பைத்தொழு, குமணன்தொழு, வாலிப்பாறை என்று இன்னும் உள்ளே போகிறவர்கள் கீழே சொல்லும் ஒவ்வொரு நேரத்திலும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ரயில் பாதை மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை, 90 கிலோமீட்டர். 1928-ல் திறந்த பாதை. போடி ஏலக்காய்க்கும் மலைச் சரக்குக்கும் போட்டது. இரண்டாம் உலகப் போரில் இரும்புக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதையாக்க மூடியவர்கள் தேனிக்கு மறுபடி ரயில் விட 2022 மே ஆகிவிட்டது. போடிக்கு 2023 ஜூன் 15-ல் வந்தது. பன்னிரண்டு வருடம் ரயிலில்லாமல் இருந்த பழக்கம் மக்களிடம் இன்னும் போகவில்லை. ஆண்டிபட்டியில் வழி கேட்டால் பத்தில் எட்டுப் பேர் பஸ்ஸைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், ஏனென்றால் இந்தப் பாதையில் ஓடும் பயணிகள் ரயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இந்த நூலுக்குத் தேவையான முக்கியச் செய்தி: மாலையில் மதுரையிலிருந்து தேனிப் பக்கம் போகும் அன்றாட ரயில் இல்லை. தினசரி முன்பதிவில்லாத ரயில் காலை 8.20-க்கு மதுரையில் கிளம்பிப் பத்தரை மணி வாக்கில் போடி சேருகிறது, மாலை 5.50-க்குப் போடியில் கிளம்பி இரவு எட்டு மணிக்குச் சற்று முன்னால் மதுரை சேருகிறது. காலையில் மலைப்பக்கம் வந்து மாலையில் நகரத்துக்குத் திரும்புகிற ரயில் அது. மதுரையில் வேலை முடித்து வீடு திரும்பும் வருசநாட்டுக்காரருக்கு அது எதிர்த்திசை. இது மாற வேண்டும் என்பது என் கட்சி. மாறும்வரை மாலை ரயிலில் மலைக்குப் போக நினைப்பவருக்கு உள்ள நல்ல வழி, சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் வண்டிதான்.

வெள்ளிக்கிழமை இரவு வண்டி

வண்டி எண் 20601, சென்னை சென்ட்ரல் – போடிநாயக்கனூர் எக்ஸ்பிரஸ். திங்கள், புதன், வெள்ளி இரவு 10.30-க்குக் கிளம்பி, காலை ஏழு மணி தாண்டி மதுரை, பிறகு உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, 9.35 வாக்கில் போடி. திரும்பும் வண்டி 20602, செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு 8.30-க்குப் போடியில் எடுத்து மறுநாள் காலை எட்டு மணிக்குள் சென்னை. கிழமைகளைக் கவனித்தீர்களா? வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பலாம். சனிக்கிழமை விடுமுறை உள்ளவர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஆகவே கூட்டமும் அந்த இரண்டு நாளில்தான். ரயில்வே கிழமையையும் நேரத்தையும் மாற்றும் வழக்கமுள்ள துறை. சீட்டு எடுக்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இந்த வண்டியில் நிறையப் பேர் தடுமாறும் இடம் புறப்படும் நிலையம். மதுரைப் பக்கம் போகும் பாண்டியன், வைகை, நெல்லை எல்லாம் எழும்பூரில் எடுப்பவை. தென்மாவட்டக்காரர்களுக்குக் கால் தானாக எழும்பூருக்குத்தான் போகும். இது மட்டும் சென்ட்ரல். பாதையும் வேறு: காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை. தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் இருப்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அந்தப் பக்கமே வண்டி வராது. புறநகர் ரயிலில் பார்க் நிலையம் வந்து சாலையைக் கடந்தால் சென்ட்ரல். வெள்ளிக்கிழமை இரவு ஜிஎஸ்டி சாலையை நம்பிக் காரிலோ ஆட்டோவிலோ வருவது துணிச்சல்.

போகிற போக்கில் ஒன்று. 2019-லிருந்து சென்ட்ரலுக்கு எம்ஜிஆர் பெயர். 1984-ல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே அவர் ஜெயித்த தொகுதி ஆண்டிபட்டி. வண்டி எம்ஜிஆர் நிலையத்தில் கிளம்பி எம்ஜிஆர் தொகுதிக்கு வருகிறது; வண்டியில் பக்கத்துப் படுக்கைப் பெரியவரிடம் இதைச் சொன்னால் பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறை என்றால் அன்றைக்கே எடுக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியிலும் அப்படித்தான்: தேனி, குமுளி வழியாகச் சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்கள் இந்த வண்டியை நிரப்பிவிடுவார்கள். தட்கல், பயணத்துக்கு முந்தின நாள் குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதை வியாழக்கிழமை காலை 10.55-க்குச் செய்ய உட்காராதீர்கள். காத்திருப்போர் பட்டியல் சீட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் பெட்டியில் ஓரமாக நின்று போகும் காலமும் முடிந்துவிட்டது.

சீட்டைத் தேனி வரைக்கும் எடுங்கள். ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையே 17 கிலோமீட்டர்தான். இவ்வளவு நீண்ட பயணத்தில் கட்டண வித்தியாசம் பெரிதாக இருக்காது. தேனி சீட்டை வைத்துக்கொண்டு ஆண்டிபட்டியில் இறங்கலாம். ஆண்டிபட்டி சீட்டை வைத்துக்கொண்டு தேனி வரை போக முடியாது. எங்கே இறங்குவது என்பதைக் காலையில் முடிவு செய்துகொள்ளும் சுதந்திரம் அந்தச் சின்ன வித்தியாசத்தில் கிடைக்கிறது.

மதுரை தாண்டியதும் எழுந்து உட்கார்ந்துவிடுங்கள். உசிலம்பட்டிக்குப் பிறகு வண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் நுழையும். அகலப் பாதைக்காகப் பாறையை வெட்டி அகலமாக்கிய இடம். கணவாய் தாண்டினால் நிலமே மாறும்: வறண்ட செம்மண், முருங்கை, கொஞ்சம் தள்ளி மல்லிகைத் தோட்டம், தூரத்தில் மலை. தெற்குப் பக்க ஜன்னலில் தெரியும் நீலக் கோட்டுக்குள்தான் நீங்கள் போகப்போகும் பள்ளத்தாக்கு இருக்கிறது.

ஆண்டிபட்டியா, தேனியா?

இதற்கு ஒரே பதில் இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் ஆண்டிபட்டி முதலில் வருவதால் அங்கேயே இறங்கத் தோன்றும். ஆனால் கடமலைக்குண்டு, வருசநாடு போகும் பிரதான சாலை பிரிவது ஆண்டிபட்டியிலும் இல்லை, தேனியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே க.விலக்கில். கண்டமனூர் விலக்கு என்பதன் சுருக்கம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் இடம் என்றால் மாவட்டம் முழுக்கத் தெரியும். அந்த விலக்கில் திரும்பினால் கண்டமனூர், பிறகு கடமலைக்குண்டு. ரயில் க.விலக்கில் நிற்காது. ஆகவே முன்னால் இறங்கிப் பின்னால் போவதா, தாண்டிப் போய்த் திரும்பி வருவதா என்பதுதான் கேள்வி.

தனி ஆளாக, ஒரு தோள்பையோடு வந்தால் ஆண்டிபட்டி. தேனி போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி க.விலக்கில் இறங்கி, தேனியிலிருந்து வரும் வருசநாட்டு வண்டியைப் பிடிக்கலாம். ஆண்டிபட்டியிலிருந்தே நேராக வண்டி இருந்தால் இன்னும் நல்லது. பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டீக்கடையில் கேட்டால் 'இப்ப வரும்' என்பார்கள். அந்த 'இப்ப' ஐந்து நிமிடமும் ஆகலாம், ஐம்பது நிமிடமும் ஆகலாம்.

குழந்தைகள், வயதானவர்கள், சீர்வரிசைச் சாமான்கள் என்று வந்தால் தேனிக்கே போங்கள். வருசநாட்டு வண்டிகள் பெரும்பாலும் தேனியில் கிளம்புபவை. அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். க.விலக்கில் ஏறுகிறவர் மருத்துவமனைக்கு வந்து திரும்பும் கூட்டத்தோடு நின்றுகொண்டுதான் போக வேண்டும். காலை வேளையில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் எதிர்த்திசையில் போவதால் ஊருக்குள் போகும் வண்டி கொஞ்சம் காலியாகவே இருக்கும். மாலையில் நிலைமை தலைகீழ். சாதாரண டவுன் பஸ் வந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை. புறநகர் வண்டியில் உண்டு. முன்னால் இருக்கும் பலகையைப் பார்த்து ஏறுங்கள், அவசரமில்லையென்றால்.

இன்னொரு வழியும் வரைபடத்தில் தெரியும்: மதுரை மாவட்டத்து மல்லப்புரத்திலிருந்து மலையேறி மயிலாடும்பாறையில் இறங்கும் சாலை. சொந்த வண்டியில், பகலில், மழையில்லாத நாளில் அழகான பாதை. பஸ்ஸை நம்பி அந்தப் பக்கம் திட்டம் போட வேண்டாம். ரயிலோடு அது எந்த விதத்திலும் ஒட்டாது.

ஹால்ட் வண்டி

இருட்டிய பிறகு இந்தப் பள்ளத்தாக்குக்குள் போக வேண்டிய கட்டாயம் சிலருக்கு வரும். சாவு, பிரசவம், பரீட்சை முடிந்து வரும் பிள்ளை என்று ஏதாவது. அப்போது தெரிந்திருக்க வேண்டியது ஹால்ட் வண்டி. இரவில் கடைசியாக ஊருக்குள் வரும் பஸ், ஓட்டுநரும் நடத்துநரும் உட்பட அங்கேயே தங்கிவிடும். மறுநாள் விடியலில் அதுவே முதல் வண்டி. அதாவது கடைசி பஸ்ஸும் முதல் பஸ்ஸும் ஒரே பஸ். இரவு அது வரவில்லையென்றால் காலையில் முதல் வண்டியும் இல்லை. 'டிரிப் கட்' என்று நடத்துநர்கள் சாதாரணமாகச் சொல்லும் இரண்டு வார்த்தை, மலைக்கிராமத்தில் இரண்டு நாள் வேலையைக் கெடுக்கும்.

ஆகவே உறவினரிடம் போனில் கேட்கும்போது 'கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கேட்க வேண்டியது இப்படி:

'மாமா, ஹால்ட் வண்டி இந்த வாரம் ஒழுங்கா வருதா?'

'முந்தாநேத்து வரலப்பா. நேத்து வந்துச்சு.'

'அதுக்கு முந்தின வண்டி?'

'அது தவறாம வரும்.'

உங்கள் திட்டத்தில் எழுத வேண்டிய நேரம் அந்த 'முந்தின வண்டி'யின் நேரம். ஹால்ட் வண்டியைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் தமிழ்நாட்டின் எந்த மலையூருக்கும் பொருந்தும். கொல்லிமலைக்குப் போனாலும் ஜவ்வாது மலைக்குப் போனாலும் இதே கேள்விதான்.

மதுரையில் மாலை ஐந்தரைக்கு வேலை முடிகிறவருக்கு ரயில் இல்லை என்று முன்பே சொன்னேன். ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து தேனி வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கூட்டமில்லாத நாளில் ஒன்றரை மணி நேரம் தாண்டி க.விலக்கு. ஏழரைக்கு அங்கே இறங்கினால் உள்ளே போக வண்டி இருக்க வாய்ப்புண்டு. எட்டரைக்கு மேல் என்றால் ஊரில் பைக் வைத்திருக்கும் ஒருவரைச் சொல்லி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சென்னையில் மதியம் வைகை எக்ஸ்பிரஸ் பிடித்து இரவு ஒன்பது மணிக்கு மேல் மதுரை இறங்குகிறவர்கள் அன்றே ஊர் சேர ஆசைப்பட வேண்டாம். தேனி வரை பஸ் கிடைக்கும். அங்கே அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் போங்கள். கடமலைக்குண்டிலும் அதற்கு மேலும் லாட்ஜை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

ரயில் இல்லாத கிழமையில் சென்னையிலிருந்து வருபவருக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸ் தினமும் இருக்கிறது, இரவு 9.40-க்கு எழும்பூர், விடியற்காலை மதுரை. 8.20 தேனி ரயிலுக்காக நடைமேடையில் காத்திருப்பது வீண். ஆட்டோவில் ஆரப்பாளையம் போய் பஸ் ஏறினால் அந்த ரயில் மதுரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் தேனியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

மழையும் மேகமலையும்

வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், மூல வைகை திடீரென்று பெருகும். வருடத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு அது. அதனால்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். வருசநாட்டுப் பக்கம் தரைப்பாலத்தை நம்பியிருக்கும் ஊர்களுக்கு அன்று பஸ் போகாது. மலையில் பெய்த மழை உங்களுக்குத் தெரியாமலே கீழே வெள்ளமாக வரும், ஆகவே தேனியில் வெயிலடிக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. சின்னச் சுருளி அருவியைப் பார்க்கவும் இதே மாதங்கள்தான் நல்லவை, கோம்பைத்தொழு வழி. நீர்வரத்து அதிகமானால் வனத்துறை அடைத்துவிடும்.

மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போக நினைத்து வருசநாட்டு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் உண்டு. சின்னச் சுருளியை மேகமலை அருவி என்றும் சொல்வதால் வரும் குழப்பம் இது. தேயிலைத் தோட்டங்களுக்கான சாலை சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச்சாவடி வழியாக மேலே ஏறுகிறது. வருசநாட்டுப் பக்கமிருந்து அங்கே பஸ் சாலை இல்லை. இரண்டும் ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கங்கள், அவ்வளவுதான். 2021 பிப்ரவரியிலிருந்து இந்தக் காடெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இரவில் சோதனைச்சாவடி தாண்டி விடமாட்டார்கள். வெள்ளிமலை, அரசரடிப் பக்கம் போக வனத்துறையிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். மயிலாடும்பாறைக்கு மேலே போகப் போகச் சிக்னலும் தடுமாறும். ரயில் சீட்டின் விவரத்தைத் தாளில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்புதல்

திரும்பும்போது அதே கணக்கை மறுபடி பின்னாலிருந்து போட வேண்டும். 20602 போடியில் 8.30. தேனிக்கு ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், ஆண்டிபட்டிக்கு ஒன்பது தாண்டி. கடமலைக்குண்டிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், நிறுத்தி நிறுத்திப் போனால் கூடவே ஆகும். வருசநாட்டிலிருந்து வரும் வண்டி ஒன்று தவறினாலும் சமாளிக்க வேண்டுமென்றால், ஆறு மணிக்குள் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறையும் என்பதையும் முகூர்த்த நாளென்றால் எல்லா வண்டியும் நிரம்பி வரும் என்பதையும் கூட்டினால் ஐந்தரை உத்தமம். 'இன்னும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க' என்று அத்தை பிடித்து நிறுத்துவார் என்று தெரிந்தால் ரயில் எட்டு மணிக்கு என்று சொல்லிவையுங்கள். பொய்தான், ஆனால் இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

சீக்கிரம் தேனி வந்துவிட்டால் புரோட்டா, சால்னா சாப்பிட்டு நிதானமாக நிலையம் போகலாம். வண்டிக்குள் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். ஆண்டிபட்டியில் ஏறுவதென்று தீர்மானித்தவர்கள் சீட்டில் ஏறும் நிலையம் தேனி என்றிருந்தால் குறைந்தது ஒரு நாள் முன்னால் அதை ஆண்டிபட்டி என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பரிசோதகர் ஆள் வரவில்லையென்று குறித்து, படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆண்டிபட்டியில் நேரம் மிஞ்சினால் சக்கம்பட்டிக் கைத்தறிச் சேலை பார்க்கலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். ஞாயிறு மாலையில் அதற்குக் கடை திறந்திருக்க வேண்டும். சனிக்கிழமையே முடித்துவிடுவது நல்லது.

மதுரையிலிருந்து ஒரே நாளில் வந்துபோகிறவர்களுக்கு மாலை 5.50 ரயில் திரும்பும் வண்டி. அதைத் தேனியில் பிடிக்கச் சுமார் ஆறேகால் வரை நேரமுண்டு. அதாவது கடமலைக்குண்டை நாலு, நாலரைக்குள் விட வேண்டும். காலையில் அதே ரயிலில் வந்தவர் ஊர் சேரவே பதினொன்றரை ஆகியிருக்கும் என்பதால் கையில் இருப்பது ஐந்து மணி நேரம். விருந்துக்குப் போதும், அருவிக்குப் போதாது. அருவியும் பார்க்க வேண்டுமென்றால் வருவதை விடிகாலை பஸ்ஸிலும் போவதை ரயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவு வண்டியைத் தவறவிட்டால் நிலையத்தில் நின்று யோசிக்க வேண்டாம். சென்னைக்கு நேராகப் போகும் ஆம்னி பஸ்களில் பெரும்பாலானவை அதற்குள் தேனியைக் கடந்திருக்கும். பாண்டியனும் மதுரையை விட்டிருக்கும். மதுரை பஸ்ஸில் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடியுங்கள். நள்ளிரவிலும் அங்கே சென்னை வண்டி இருக்கும். திங்கள் காலை பத்து, பதினொன்றுக்குச் சென்னையில் இருக்கலாம். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு என்று பஸ்ஸில் உட்கார்ந்த கையோடு செய்தி அனுப்பிவிடுங்கள், மேலூர் தாண்டினால் தூக்கம் வந்துவிடும்.